அறுபதுக்கு அறுபது

சந்தேகம் பன்னிரண்டு வேண்டும். கையில் ஒன்பதுதான் இருக்கிறது. இருபத்தெட்டாம் திகதிக்குள் இன்னும் மூன்று சந்தேகத்துக்கு நான் எங்கே போவேன்?

முப்லிஹா யன்னலுக்கு வெளியே பார்த்தாள். வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். அவர்மேல் சந்தேகப்பட முடியுமா என்று ஒரு கணம் யோசித்தாள். அரசாங்கச் சொத்து எதுவும் அவர் வசம் இருப்பதாகத் தெரியவில்லை. விட்டுவிட்டாள்.

பன்னிரண்டு என்ற எண் கொழும்பிலிருந்து வந்தது. அரசாங்கக் கணக்காய்வின் தரம் குறைந்துவிட்டது என்று யாரோ எங்கோ ஒரு கூட்டத்தில் பேச, அதன் பேரில் தர மேம்பாட்டு அலகு என்று ஒன்று பிறந்தது. கணக்காய்வாளர்கள் போதிய அளவு சந்தேகப்படுவதில்லை என்பதுதான் அந்த அலகின் முதல் கண்டுபிடிப்பு. உடனே ஏழாம் இலக்கப் படிவத்தை அச்சடித்து அனுப்பினார்கள். தொழில்சார் ஐயப் பதிவேடு என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு உத்தியோகத்தரும் காலாண்டுக்குப் பன்னிரண்டு தடவை ஐயப்பட வேண்டும். ஐயம் தோன்றிய நாள், தோன்றிய நேரம், அது தீர்ந்த நாள், தீர்த்துவைத்த ஆவணத்தின் இலக்கம் எல்லாம் எழுத வேண்டும். பன்னிரண்டும் தோன்ற வேண்டும், பன்னிரண்டும் தீர வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஒன்று தீராமல் நின்றாலும் கிளைக்கு ஒரு நட்சத்திரம் போய்விடும். ஐந்து நட்சத்திரமும் உள்ள கிளைக்குச் சுவரில் மாட்ட ஒரு கேடயம் கிடைக்கும். முப்லிஹாவின் கிளையில் மூன்று கேடயங்கள் தொங்கின. நாலாவதற்கான ஆணி முன்கூட்டியே அடித்தாயிற்று.

பக்கத்து மேசை நிதுர்ஷன் இந்த விஷயத்தில் கைதேர்ந்தவன். கந்தோரில் கதிரை பதினாலுதானா என்று காலை ஒன்பது மணிக்கு அவனுக்கு ஐயம் தோன்றும். ஒன்பது ஐந்துக்கு எண்ணிப் பார்ப்பான். பதினாலு. தீர்ந்துவிடும். அவனுடைய பதிவேட்டை மற்றக் கிளைகளுக்கு மாதிரியாக அனுப்பியிருந்தார்கள்.

"அக்கா, என்னட்ட மூண்டு மிச்சம் கிடக்கு. எடுங்க. அடுத்த காலாண்டுல திருப்பித் தாங்க."

வாங்கியிருப்பாள். ஆனால் அப்போதுதான் அவள் மடியில் பாதைக் கோப்பு திறந்திருந்தது.

வாவியின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆட்களை ஏற்றிப்போகும் தட்டையான மிதவையை இந்தப் பக்கத்தில் பாதை என்றுதான் சொல்வார்கள். இரும்பு மிதவை, மேலே பலகை, பின்னால் ஓர் இயந்திரம். கண்டல்துறைப் பாதையை ஒரு பிரதேச சபை நடத்திவந்தது. அந்தப் பாதைக்கு உயிர்காப்பு அங்கிகள் அறுபது வாங்கப்பட்டிருந்தன. நான்கு வருடங்களுக்கு முன்பு அவற்றைச் சபைக் கந்தோருக்குக் கொண்டுவரச் சொல்லி முதன்முதலில் எண்ணியவள் முப்லிஹாதான். ஐம்பத்தேழு இருந்தன. அதிலும் இரண்டு கிழிசல். குறைவைச் சுட்டிக்காட்டிச் சபைக்கு அவள் ஒரு கணக்காய்வு வினாக் கடிதம் எழுதினாள். அது வேலை செய்தது. அடுத்த வருடம் அறுபது. அதற்கடுத்த வருடம் அறுபது. போன வருடமும் அறுபது. கிழிசல் இல்லை, கறை இல்லை, ஒரு வார் அறவில்லை. கோப்புக்கு ஐந்து நட்சத்திரம். அந்தக் கோப்பைத்தான் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சியில் காட்டினார்கள். அதன் முதல் பக்கத்தில் தன் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளே ஒரு சின்னக் குளிர்ச்சி ஓடும்.

இன்றைக்கு அந்தக் குளிர்ச்சி வரவில்லை. காத்தான்குடியில் அவள் வீட்டில் ஒரு குடை ஒரு மாரிக்குமேல் தாங்கியதில்லை. உப்புக்காற்றில் யன்னல் கொளுக்கிகூட மூன்று வருடத்தில் உதிர்ந்துபோகும். நாளாந்தம் பிள்ளைகள் போட்டுக் கழற்றுகிற துணி நான்கு வருடமாக எப்படி அப்படியே இருக்கும்?

படிவத்துக்காக அல்லாமல் அவளுக்குத் தானாகவே தோன்றிய ஒரு சந்தேகம் அது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு தோன்றியது. பத்து மணி பதினேழு நிமிடம் என்று குறித்துக்கொண்டாள். எழுதும்போது வந்தது பயமா சந்தோஷமா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

நேரில் போய்ப் பார்ப்பது இப்போது நடைமுறையில் இல்லை. பரிசோதிக்கப்படும் நிறுவனமே படம் எடுத்து அனுப்பும். கணக்காய்வாளர் அதைப் போன வருடப் படத்தோடு ஒப்பிட வேண்டும். நேரில் போவதானால் இருபத்துமூன்றாம் படிவத்தில், படம் ஏன் போதாது என்பதற்குப் படத்தோடு காரணம் காட்ட வேண்டும். முப்லிஹா ஒரு நாள் சொந்த லீவு போட்டாள்.

ஆரையம்பதி கடந்து பஸ்ஸிலிருந்து இறங்கி, மிச்சத் தூரத்தை ஓட்டோவில் போய்ச் சேர்ந்தபோது காலை ஆறே முக்கால். எதிர்ப்பக்கத்துப் படுவான்கரையிலிருந்து பாதை வந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கு. ஒரு சின்னப் பெண்பிள்ளை சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பலகை விளிம்பில் குந்தியிருந்தது. ஒருவர் உடம்பிலும் அங்கி இல்லை.

பாதையோட்டி வீரகத்தி சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். கழுத்தில் ஒரு விசில். அவள் தன்னைக் கந்தோர் ஆள் என்று மட்டும் சொல்லிக்கொண்டாள்.

"புள்ளைகளுக்குப் போட ஜக்கெட் இல்லையா ஐயா?"

"இல்லாம என்ன மகள். அறுபது கிடக்கு. ஒண்டு குறையாது. வாங்க காட்டுறன்."

துறையடியில் சீமெந்தால் கட்டிய ஒரு சின்ன அறை. இரும்புக் கதவில் இரண்டு பூட்டு. ஒன்றின் திறப்பு வீரகத்தியின் இடுப்பில் இருந்தது. மற்றது பதினொரு கிலோமீற்றர் தள்ளிச் சபைக் கந்தோரில், செயலாளரின் மேசை லாச்சியில். யன்னல் கம்பிக்குள்ளால் பார்க்கச் சொன்னார். வரிசையாகக் கொழுவியிருந்தன, ஒவ்வொன்றும் பொலித்தீன் உறைக்குள், இலக்கம் வெளியே தெரியும்படி. பூச்சி அரிக்காமலிருக்கப் போட்ட வெள்ளை உருண்டையின் மணம் கம்பிக்குள்ளால் வந்தது. முழு அறையும் ஒரு கலியாண வீட்டு அலுமாரிபோல இருந்தது.

வீரகத்தி நடந்ததை அவசரமில்லாமல் சொன்னார். முந்தியெல்லாம் பிள்ளைகள் போட்டார்களாம். சிலதுகள் போட்டபடியே வீட்டுக்குப் போய், மறுநாள் போட்டபடியே வருமாம்.

"எண்ணுறதுக்கு எல்லாத்தையும் சபைக்கு ஏத்தின அண்டைக்கு மூணு புள்ளைகளுக்குக் காய்ச்சல். ஜக்கெட்டும் அதுகளோட வீட்ட கிடந்திட்டு. ரெண்டு கிழிஞ்சது மெய்தான். போட்டாக் கிழியாதா மகள்?"

மூன்றும் இரண்டு நாளில் திரும்பி வந்துவிட்டன. அதற்குள் கடிதம் வந்துவிட்டது. அந்த வருடச் சம்பள உயர்ச்சியை அவருக்கு நிறுத்தினார்கள். செயலாளர் கிழிந்த இரண்டுக்கும் பதிலாகப் புதிதும், இரண்டு பூட்டும் வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் அறை திறக்கப்படும். பிள்ளைகள் அங்கிகளைக் கையில் பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்பார்கள். போட்டால் அழுக்காகிவிடும் என்பதால் பிடிக்க மட்டும்தான்.

"ஆராவது தண்ணிக்குள்ள விழுந்தா?"

"நான் குதிப்பன். இதுவரைக்கும் நாலு பேர எடுத்திருக்கன். எனக்கு இப்ப அம்பத்தெட்டு. இன்னும் ரெண்டு வருசம் குதிப்பன். மறுகா பென்சன்."

கதவில் பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. மூன்று அங்கிகள் குறைவு, இரண்டு சேதம், பொறுப்பான உத்தியோகத்தருக்கு எதிராக நடவடிக்கை எடுக்கவும், எதிர்காலத்தில் அங்கிகளின் பாதுகாப்பை உறுதிப்படுத்தவும். தயாரித்தவர் என்ற இடத்தில் அவளுடைய கையெழுத்து.

"எழுதின ஆள் நல்லாப் படிச்ச ஆளாக்கும்" என்றார் வீரகத்தி, குறையாக இல்லை, மதிப்போடுதான். "ஒரு எழுத்துப் பிழையில்ல."

அது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. வீடு வரும்வரை அந்தச் சொல்லாமையை அவள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஐம்பத்தேழு என்று எண்ணி முடித்த அன்று தனக்குள் எழுந்த சந்தோஷம் ஞாபகத்துக்கு வந்தது. குறைவு கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம். அந்த மூன்றும் எங்கே என்று அவள் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குறைவு போய்விடும் என்று அப்போதே எங்கோ ஒரு மூலையில் தெரிந்திருந்ததோ? அங்கிகளின் பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறாள். அங்கிக்கு என்ன பாதுகாப்பு வேண்டிக் கிடக்கிறது?

மறுநாள் பத்தாம் ஐயத்தை எழுதினாள். அறுபது அங்கியும் உண்டு. அவை பூட்டுக்குள் உண்டு. பூட்டு எங்கள் வினாவால் வந்தது. பிள்ளைகள் அங்கியில்லாமல் கடக்கிறார்கள். எனது முன்னைய வினாவின் மீது எனக்கு ஐயம்.

படிவத்தில் எழுதியதைக் கணினியிலும் பதிய வேண்டும்; கணினி அதை ஏற்கவில்லை. இருப்பு, உரிமை, பெறுமதி, பூரணம் என்று நான்கு குறியீடுதான் இருந்தன. பயன்பாடு இல்லை. ஐயத்துக்குரிய நிறுவனம் என்ற பட்டியலில் மாவட்டத்திலுள்ள எல்லா நிறுவனமும் இருந்தது, கணக்காய்வுக் கிளையைத் தவிர. நிதுர்ஷன் அரை மணித்தியாலம் மல்லுக்கட்டி, கடைசியில் அதை இருப்பு என்ற குறியீட்டின் கீழ் நுழைத்தான். நுழைந்த உடனே திரையில் ஒரு பச்சைக் கேள்வி வந்தது. பொருள் இருக்கிறதா? ஓம் என்றால் ஐயம் தீர்ந்தது. தயாரித்தவர் ஒப்பமிடவும்.

கிளையின் அத்தியட்சகர் சுபாகரன் அவளைக் கூப்பிட்டார். கெட்டவர் அல்லர். பிளேன்டீ வரவழைத்து, அவள் குடிக்கும்வரை காத்திருந்தார்.

"முப்லிஹா, பொருள் இருக்கா இல்லையா எண்டு பாக்கிறது நம்மட வேல. புள்ளை இருக்கா இல்லையா எண்டு பாக்கிறது வேற திணைக்களம். நாம அதுக்குள்ள கைவச்சா அவங்கட சுயாதீனம் என்னாகும்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். தர மேம்பாட்டு அலகின் பணிப்பாளர் இருபத்தேழாம் திகதி நேரில் வருகிறார். பாதைக் கோப்பைப் பார்த்து மகிழ்ந்துபோய், இரட்டைப் பூட்டு முறையை மாகாணத்தின் எல்லாப் பாதைகளுக்கும் கட்டாயமாக்கப் போகிறார். பதினேழு பாதை. அதற்கு இந்தக் கோப்பில் ஒரு ஐயமும் தீராமல் கிடக்கக் கூடாது. எழுதிய ஆள் ஒப்பமிடாமல் ஐயம் தீராது. முப்லிஹாவின் பதவியுயர்வுக் கடிதமும் அதே பயணத்தில்தான் வருகிறது என்பதை, யன்னலைப் பார்த்தபடி, வேறு யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்.

பதினேழு. அவள் அந்த எண்ணோடு வீட்டுக்குப் போனாள். ஒவ்வொரு துறையிலும் ஒரு சீமெந்து அறை, ஒரு வீரகத்தி.

இருபத்தேழாம் திகதி பணிப்பாளர் தக்ஷாயினி வந்தார். குத்துவிளக்கு ஏற்றினார்கள். விளக்கை ஏற்றும் படிவத்தில் ஒப்பம் வாங்கினார்கள். அவர் முதலில் பாதைக் கோப்பை மேசையில் கிடத்தி அடிமட்டம் வைத்து அளந்தார். துளைகள் நேராக இருந்தன. நாற்பத்தொரு படிவமும் வரிசையில் இருந்தன. பச்சை மையில் போட வேண்டிய குறிகள் பச்சையிலும் சிவப்பில் போட வேண்டியவை சிவப்பிலும் இருந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பேசினார். நல்ல தமிழ், ஒவ்வொரு சொல்லும் இஸ்திரி போட்டது.

"தரம் என்றால் தவறு நடக்காமலிருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது மனிதர்களால் முடியாது. தவறு நடந்தாலும் கோப்பில் குறை இல்லாமலிருப்பதுதான் தரம். நாளைக்கே ஒரு விபத்து நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விசாரணை வரும். அப்போது இந்தக் கோப்பு எழுந்து நின்று பதில் சொல்லும். அறுபதுக்கு அறுபது."

எல்லோரும் கைதட்டினார்கள். முப்லிஹாவின் கைகளும் பழக்கத்தில் ஒருமுறை சேர்ந்தன. பிறகு அவற்றை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டாள்.

பின்னேரம் எல்லோரும் கண்டல்துறைக்குப் போனார்கள், கமராவோடு நிதுர்ஷனும். பணிப்பாளர் யன்னல் கம்பிக்குள்ளால் அங்கிகளைப் பார்த்தார். கோயிலில் நிற்பதுபோல நின்றார். பிறகு பாதையில் நின்று ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார். கோப்பைக் கையில் பிடித்தபடி, பின்னால் வாவி. நடு வாவியில் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று சுபாகரன் சொன்னார்.

வீரகத்தி கைகளைப் பிசைந்தார். செயலாளர் வேறொரு தரக் கூட்டத்துக்குப் போயிருந்ததால் இரண்டாம் திறப்பு வரவில்லை, பெரியவர்களுக்குப் போட ஓர் அங்கி எடுத்துத் தர முடியவில்லை என்று மன்னிப்புக் கேட்டார். தேவையில்லை என்றார் பணிப்பாளர். பரிசோதிக்கப்படும் நிறுவனத்தின் பொருளைக் கணக்காய்வாளர் அணிந்தால் சுயாதீனம் பாதிக்கப்படும். பதினோராம் படிவத்தில் தெளிவாக இருக்கிறது.

பாதை நடு வாவிக்குப் போனபோது கச்சான் காற்று எழும்பியது. இந்த மாதங்களில் பின்னேரம் எழும்புகிற காற்றுத்தான், வீரகத்திக்குப் பழக்கமானது. மற்றவர்களுக்கு அல்ல. முதல் அலை பலகையில் ஏறிச் சப்பாத்துகளை நனைத்தது. இரண்டாவது அலையில் பாதை ஒரு பக்கம் சாய்ந்தது. பணிப்பாளர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சுயாதீனம் அவர் முகத்திலிருந்து போய்விட்டது.

"ஒரு அங்கி" என்றார். "ஒன்றே ஒன்று."

"பூட்டுக்குள்ள மேடம்" என்றார் சுபாகரன்.

இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபோதுதான் கோப்பு கைவிட்டுப் போனது. உறையோடு தண்ணீரில் விழுந்து, கொஞ்சம் மிதந்து, அலையோடு அங்கால் நகர்ந்தது. யாரும் வாயைத் திறக்க முதல் வீரகத்தி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் குதித்தார்.

எல்லோரும் விளிம்புக்கு ஓட, பாதை இன்னும் சாய்ந்தது. அவர் தலை ஒருமுறை தெரிந்தது. பிறகு தெரியவில்லை. முப்லிஹா எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணுவதைத் தவிர வேறெதுவும் தனக்குத் தெரியாது என்பது அப்போது அவளுக்கு உறைத்தது. பத்தொன்பதில் அவர் மேலே வந்தார், வாயால் தண்ணீர் கக்கிக்கொண்டு, கோப்பை ஒரு கையில் உயர்த்திப் பிடித்தபடி. நிதுர்ஷன் கமராவை எறிந்துவிட்டு அவரை இழுத்து ஏற்றினான். பலகையில் குப்புறக் கிடந்து நெடுநேரம் இருமினார். பேச்சு வந்ததும் முப்லிஹாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஒண்டும் குறையல்லயே மகள்? எண்ணிப் பாருங்க. மறுகா குத்தம் என்னில வந்திரும்."

நாற்பத்தொரு படிவமும் இருந்தன.

துறையடியில் பயணிகள் குந்தும் கொட்டகையில் ஒரு மேசை கிடந்தது. பணிப்பாளர் தலைமுடியைத் துடைத்து, கண்ணாடியைப் போட்டு, பழையபடி ஆனார். பரிசோதனைக் குறிப்பை அங்கேயே சொல்ல, சுபாகரன் எழுதினார். நடைமுறைச் சோதனையின்போது, உண்மையான அவசர நிலையிலும்கூட, பரிசோதனைக் குழுவினராலேயே ஓர் அங்கியையும் வெளியே எடுக்க முடியவில்லை. கட்டுப்பாடு மிகச் சிறப்பு. எல்லாப் பாதைகளுக்கும் விதந்துரைக்கப்படுகிறது. பாதையோட்டிக்கு ஒரு பாராட்டுக் கடிதம், கோப்பை மீட்டமைக்காக.

பாராட்டப்பட்டவர் கொட்டகைக்கு வெளியே வெயிலில் குந்தியிருந்தார். சாரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உடம்பு இன்னும் நடுங்கியது.

கோப்பிலிருந்த ஈரமான ஏழாம் படிவத்தைப் பணிப்பாளர் மேசையில் விரித்து முப்லிஹாவின் பக்கம் திருப்பினார். பதினோராவதையும் பன்னிரண்டாவதையும் நிதுர்ஷன் தன் மிச்சத்திலிருந்து நிரப்பியிருந்தான்; நின்றது பத்தாம் வரி. ஐயம் தீர்ந்தது. கையெழுத்து. ஒரு பேனாவையும் தந்தார்.

"நாளைக்கு இருபத்தெட்டு" என்று சுபாகரன் மெதுவாகச் சொன்னார். "ஒரு ஒப்பம்தானே."

முப்லிஹா அந்த வரியை வாசித்தாள். எழுதியது அவள்தான், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது. நான்கு வருடத்துக்கு முந்திய கடிதமும் இப்படித்தான் தெளிவாக இருந்தது.

"எனக்குச் சந்தேகம் தீரல்ல மேடம்."

"தீர்ப்பதற்கு என்ன ஆவணம் வேண்டும்? சொல்லுங்கள், எடுப்பிக்கலாம்."

"ஆவணம் வேணாம். காலையில ஆறே முக்காலுக்குப் பாதை வரும். அறுபதும் புள்ளைகள்ற உடம்புல வரோணும். கிழிஞ்சாலும் குறைஞ்சாலும் காரியமில்ல. அத நான் பாக்கோணும்."

அப்படியொரு நிரல் படிவத்தில் இல்லை என்று பணிப்பாளர் விளக்கினார். பொறுமையாகவே விளக்கினார். பதவியுயர்வைப் பற்றியும் சொன்னார், நட்சத்திரங்களைப் பற்றியும் சொன்னார், தீராத ஐயத்தோடு ஓர் உத்தியோகத்தர் இருப்பது அவருடைய மனநிலைக்கே நல்லதல்ல என்றும் சொன்னார். முப்லிஹா எல்லாவற்றையும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடிந்ததும் பேனாவை மூடினாள். காற்று இன்னும் அடங்கவில்லை. படிவம் பறந்துவிடாமல் அதன் நடுவில் பேனாவைப் பாரமாக வைத்துவிட்டு, கையெழுத்துக்கான இடத்தை அப்படியே விட்டு, எழும்பினாள்.